நாலரை அடிக் குழாய்

பியூகிளை நேராக்கி நீட்டினால் நாலரை அடி நீளக் குழாய். சுருட்டி வளைத்திருப்பதால் கைக்குள் அடங்குகிறது. பிஸ்டன் கிடையாது, துளை கிடையாது, விரலுக்கு வேலையே கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அதிலிருந்து எடுக்கக்கூடிய சுரங்கள் ஐந்துதான்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. இவற்றுக்குக் கீழே ஒன்று உண்டு, யாரும் ஊதுவதில்லை. மேலேயும் ஒன்று உண்டு, எல்லாருக்கும் வராது. ராணுவத்தில் சிப்பாயை எழுப்புவதும், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும், இறந்தவரை வழியனுப்புவதும் இந்த ஐந்தை வைத்துத்தான். 1981-ல், பதினைந்து வயதில், என் உலகம் அந்த ஐந்துக்குள் இருந்தது.

அப்போது பெரம்பலூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை, அரியலூர் மாவட்டம் என்றும் இல்லை. இரண்டும் திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். கலெக்டரைப் பார்க்கவும் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும், நல்ல ஷூ வாங்கவும் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். பெரம்பலூரைச் சுற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பருத்தி, சோளம், சின்ன வெங்காயம். முப்பது கிலோமீட்டர் கிழக்கே அரியலூர். அங்கே ரயில் நிலையம் இருந்தது, அரசு சிமென்ட் ஆலை புதிதாக வந்திருந்தது, சுண்ணாம்புக்கல் லாரிகள் போன வழியெல்லாம் புளியமர இலைகள் வெள்ளையாக இருக்கும். எங்களிடம் இல்லாத இன்னொன்றும் அவர்களிடம் இருந்தது: ஏழு பியூகிள்.

எங்கள் பள்ளி பேண்டில் நான்குதான். சைடு டிரம் ஆறு, பெரிய டிரம் ஒன்று, சிம்பல் ஒரு ஜோடி, முக்கோணம் ஒன்று, முன்னால் கோல் பிடித்து நடக்கிறவன் ஒருவன். மொத்தம் பதினான்கு பேர். பியூகிளின் வாயருகே ‘மீரட்’ என்று பொறித்திருக்கும். கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தோம். அது ஊர் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உத்தரப்பிரதேசத்து மீரட்டில் ஜலி கோட்டி என்றொரு பகுதி இருக்கிறது. ராணுவ பேண்டில் தலைவராக இருந்த நாதிர் அலி 1885-ல் தொடங்கி வைத்த தொழில் அங்கே வேரூன்றி, இந்தியாவில் கல்யாண பேண்டும் பள்ளி பேண்டும் ஊதுகிற பித்தளையில் பெரும்பகுதி அந்தச் சந்துகளில்தான் தட்டி வளைக்கப்படுகிறது. பெரம்பலூர்ப் பையன்களின் எச்சில் பட்ட அந்தக் குழாய் எத்தனை ரயில் மாறி வந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் டிரில் மாஸ்டர் ராணுவத்தில் பியூகிள் ஊதியவர். முதல் மாதம் முழுக்க அவர் எங்கள் கையில் பியூகிளைத் தரவேயில்லை. வாயில் வைக்கிற சின்னக் கிண்ணத்தை மட்டும் கழற்றித் தந்தார். “மொதல்ல உதடு பேசணும்டா. அப்புறந்தான் குழாய் பேசும்” என்பார். சாயங்காலம் நாலரை மணிக்கு வேப்பமரத்தடியில் வரிசையாக நின்று, வெறும் கிண்ணத்தில் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருப்போம். வீட்டுக்குப் போகும்போது உதடு தடித்து, சாப்பாட்டில் காரம் பட்டால் கண்ணில் நீர் வரும். சனிக்கிழமைகளில் பிராஸோ போட்டுப் பித்தளையைத் தேய்ப்போம். வெள்ளை கான்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸை நனைத்துப் பூசுவோம்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. அதை ‘கை மாத்துறது’ என்பார். பத்தாம் வகுப்புப் பையன் பொதுத்தேர்வுக்குப் போவதற்கு முன், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தன் வாத்தியத்தைக் கற்றுக் கொடுத்துவிட வேண்டும். அவன் ஊதிக் காட்டிய பிறகுதான் பெரியவன் சீருடையைத் திருப்பிக் கொடுக்கலாம். எனக்கும் அப்படித்தான் ஒருவன் கை மாற்றினான். பொறுமையே இல்லாதவன், தலையில் குட்டிக் குட்டிச் சொல்லித் தந்தான். ஆனாலும் அவன் ஊதிய மேல் ‘ப’ என் காதில் அப்படியே இருக்கிறது. மாஸ்டர் ஊதியதைவிட அவன் ஊதியதைக் கேட்டுத்தான் நான் கற்றேன்.

போட்டி என்பது வட்டார விளையாட்டு விழாவில் மார்ச் பாஸ்ட்டுக்குத் தருகிற கேடயம். அந்த வருஷம் அரியலூரில் நடந்தது. பெரிய டிரம்மின் அடி இடது காலில் விழ வேண்டும், வரிசை வளையும்போது உள்பக்கம் நிற்பவன் காலடியைச் சுருக்க வேண்டும், மேடையைத் தாண்டும்போது எல்லாத் தலையும் ஒரே நொடியில் திரும்ப வேண்டும். பித்தளையின் பளபளப்புக்குக்கூட மதிப்பெண் இருந்தது. அரியலூர்ப் பையன்களுக்கு ஊதக் கற்றுக் கொடுத்தவர் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். வீரமாமுனிவர் எழுப்பிய ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலின் தேருக்கு வாசிக்கிற செட்டுகளில் அதுவும் ஒன்று. தேருக்கு முன்னால் நடந்து நடந்து பழகிய கால் அந்தப் பையன்களுக்கும் வந்திருந்தது. நடக்கிறார்களா மிதக்கிறார்களா என்று தெரியாது. நாங்கள் அவர்களை வெறுத்தோம், மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டும் இருந்தோம்.

எங்களைக் காப்பாற்றியது சைடு டிரம். எங்கள் வரிசையின் முதல் ஆள் என் வகுப்புத் தோழன். சைடு டிரம்மின் உயிர் ‘ரோல்’. ஒவ்வொரு கையும் இரண்டிரண்டு தட்டு, மெதுவாகத் தொடங்கி, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மழையாகிவிட வேண்டும். மற்றவர்களுக்கு அதற்கு ஒரு வருஷம் பிடித்தது. அவனுக்கு இரண்டு வாரம். அதைவிட ஆச்சரியம் அவனுடைய இடது கை. அந்தக் காலத்து டிரம் தோளிலிருந்து வாரில் தொங்கி இடது தொடைமேல் சாய்ந்து கிடக்கும். சாய்ந்த தோலைத் தட்ட இடது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, கட்டைவிரல் இடுக்கில் குச்சியைப் பிடிக்க வேண்டும். எழுதத் தெரிந்த கையை மறக்கச் சொல்வது மாதிரி இருக்கும். அவன் முதல் நாளே பிடித்தான்.

“ஒனக்கு இடது கை எங்கடா பழகுச்சு?” என்று மாஸ்டர் கேட்டார்.

“சும்மா சார்” என்றான்.

அன்று கேடயம் எங்களுக்கு வந்தது. சாயங்கால பஸ்ஸில் பெரம்பலூர் வந்து இறங்கியதும் மாஸ்டர் எங்களை வரிசைப்படுத்தினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிவரை வாசித்துக்கொண்டே போவோம் என்றார். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பாதி வழியில் எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. பாடைக்கு முன்னால் ஐந்து பேர் பறை அடித்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர் கையைத் தூக்கினார். நாங்கள் நின்றோம். அவர்களும் நின்றுவிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பி, “லாஸ்ட் போஸ்ட்” என்றார். இறந்தவரை வழியனுப்பும் அழைப்பு அது. யார் இறந்தார், என்ன சாதி, எந்தத் தெரு, எதையும் அவர் கேட்கவில்லை. நான் ஊதினேன். காலையிலிருந்து ஊதிய உதடு, மேல் ‘ப’ உடைந்து போயிற்று. முடிந்ததும் சற்று நேரம் சத்தமில்லை. பறைக்காரர்களில் பெரியவர் ஒருவர் கண்ணிமைக்காமல் எங்கள் டிரம் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையசைத்தார், பறை தொடங்கியது, அவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். என் தோழன் தரையைப் பார்த்தபடி நின்றான். அந்தப் பெரியவர் அவன் அப்பா என்று அவன் என்னிடம் சொல்ல இருபது வருஷமாயிற்று.

பறையில் இடது கைக்குச் சிண்டு என்கிற மெல்லிய நீளக் குச்சி, வலது கைக்குத் தடித்த அடிக்குச்சி. இடது கை சட்டத்தையும் தாங்கிக்கொண்டு, சிண்டையும் விரலிடுக்கில் பிடித்து அடிக்க வேண்டும். அவனுடைய இடது கை பழகியது அங்கேதான். பியூகிள் என்ற சொல்லுக்கு லத்தீனில் வேர் தேடினால் இளங்காளையில் போய் நிற்கிறது. மாட்டுக் கொம்பில் ஊதியதிலிருந்து வந்த பெயர். நாமும் கொம்பு என்றுதான் சொல்கிறோம். பறைக்குக் கட்டுவது கன்றுத் தோல். ஒரே மாட்டின் கொம்பும் தோலும். கொம்பைப் பள்ளிக்கூடம் அலமாரியில் பூட்டிப் பாதுகாத்தது, தோலை மதிலுக்கு உள்ளேயே விடவில்லை. அன்று எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை என்பதுதான் இன்று என்னை வருத்துகிறது.

இந்த பேண்டு நம் பக்கம் எப்படி வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். திருச்சியில் ஆங்கிலேயரின் பாசறை நெடுங்காலம் இருந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய வாத்தியக் குழுவே வைத்திருந்தார். அதற்கும் முன்பு, மணலியில் வளர்ந்த முத்துசாமி தீட்சிதர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரங்கள் என்று சுமார் நாற்பது பாட்டுகள் இருக்கின்றன. பாசறையின் ஓசை கச்சேரிக்குள் நுழைந்தது அந்த வழியாக. பள்ளிக்குள் நுழைந்தது வேறு வழி. 1883-ல் கிளாஸ்கோவில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் தொடங்கிய பாய்ஸ் பிரிகேட் போன்ற சிறுவர் படைகள் ராணுவத்தின் கொம்பையும் டிரம்மையும் பையன்களிடம் கொடுத்தன. மிஷன் பள்ளிகளும் சாரணர்களும் 1948-ல் வந்த என்.சி.சி.யும் அதை இங்கே ஊர் ஊராகக் கொண்டுபோயின.

அமெரிக்காவில் அதே கொம்பும் டிரம்மும் பெரிய போட்டியாகவே வளர்ந்தன. முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள் சங்கம் வைத்தார்கள். ஊர்ச் சங்கமும் பங்குக் கோயிலும் தெருப் பையன்களுக்கு பேண்டு அமைத்துக் கொடுத்தன. ‘டிரம் அண்டு பியூகிள் கோர்’ என்று பெயர். 1920-களிலிருந்தே தேசிய அளவில் போட்டி. சிப்பாய்ச் சங்கங்களின் விதிகளுக்கும் பரிசுத் தொகைக்கும் கட்டுப்பட்டது போதும் என்று குழுக்களே 1971-ல் ஒன்றுகூடி டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. மறு வருஷம் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் இறுதிப் போட்டி. வென்றது கலிபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். அந்தக் குழு 1980-களிலேயே கலைந்து போனது. அமைப்பைத் தொடங்கிய குழுக்களில் ஒன்றான பாஸ்டன் குரூசேடர்ஸ் 1940-ல் பிறந்தது. அது முதல் தடவையாகப் பட்டம் வென்றது 2025-ல். எண்பத்தைந்து வருஷம் அந்தப் பட்டம் இல்லாமலே ஒரு குழு உயிரோடு இருந்திருக்கிறது. எங்கள் பேண்டு ஒரே கேடயம் வாங்கி ஐந்து வருஷத்தில் செத்துப்போனது.

செத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் 1985-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு வாலிபால்தான் தெரியும், அது அவர் தவறு இல்லை. அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பையன்களைச் சாயங்காலம் தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். யாரும் யாருக்கும் கை மாற்றவில்லை. ஒரே ஒரு வருஷம்தான். அதற்கடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லித்தர, ஊதத் தெரிந்த ஒருவனும் பள்ளியில் இல்லை. டிரம்களின் தோல் கிழிந்தது, அலமாரியில் கரையான் ஏறியது. பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடை விலைக்கு ஒரு பியூகிளை நான் எடுத்து வந்தேன். வாயோரம் இரண்டு நசுங்கல். மற்ற மூன்றும் எந்தப் பித்தளைப் பட்டறையில் உருகினவோ.

2019 ஆகஸ்டில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். இன்டியானாபோலிஸில் டிரம் கோர் இறுதிப் போட்டி என்று தெரிந்ததும் காரில் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினேன். லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், கூரை போட்ட மைதானம். ஒரு குழுவில் நூற்றைம்பது பேர். இருபத்தொரு வயதுக்கு மேல் யாரும் வாசிக்கக் கூடாது, ஆகவே ஒவ்வொரு கோடையிலும் மூத்தவர்கள் வெளியேறியே தீர வேண்டும். நாற்பது வருஷமாக எனக்குள் இருந்த பேண்டு அங்கே நூறு மடங்காக நின்றது. ஓடிக்கொண்டே ஊதினார்கள், வட்டம் சதுரமாகி மறுபடி வட்டமானது, ஒரு காலடி பிசகவில்லை. கண் கலங்கிவிட்டது. பிறகு பியூகிளைத் தேடினேன்.

ஒன்றுகூட இல்லை.

பக்கத்து இருக்கையில் பழைய குழுச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் இருந்தார். 1960-களில் ஊதியவராம். அவரிடம் கேட்டேன். முதலில் பியூகிளுக்கு ஒரு பிஸ்டன் வைத்தார்கள், அப்புறம் இரண்டு, 1990-ல் மூன்று. 2000-த்தில் எந்தச் சுருதிப் பித்தளையும் கொண்டு வரலாம் என்று விதியை மாற்றினார்கள். 2004-ல் ஒலிபெருக்கி, 2009-ல் மின்னணு வாத்தியம். ஊரெல்லாம் பையன்கள் ஊதிய குழுக்கள் சில டஜனாகச் சுருங்கிவிட்டன. வாசிக்கிற பிள்ளையே ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். பியூகிள் போனது, பெயரில் பாதி போனது, குழு இருக்கிறது. சொல்லிவிட்டு அவர் டிரம் வரிசையைக் காட்டினார். டிரம்கள் இப்போது வாரில் தொங்குவதில்லை, மார்பில் மாட்டிய சட்டத்தில் தட்டையாக நிற்கின்றன. சாய்வே இல்லை. ஆனால் பிள்ளைகளின் இடது உள்ளங்கை மேல்நோக்கித்தான் திரும்பியிருந்தது. சாய்வு போன பிறகும் சாய்வுக்காகப் பழகிய கை போகவில்லை. என் தோழனின் கையை ஒன்பதாயிரம் மைல் தள்ளி அங்கே பார்த்தேன்.

அவர் ‘டாப்ஸ்’ மெட்டை முணுமுணுத்தார். 1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே உருவானது, இருபத்துநான்கே ஒலிகள், அவர்கள் நாட்டில் வீரர்களை அடக்கம் செய்யும்போது ஊதுவது. நான் லாஸ்ட் போஸ்ட்டை முணுமுணுத்தேன். இரண்டும் அதே நாலைந்து சுரங்களுக்குள்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கொரோனாவில் அவர்களுடைய போட்டியே நின்றுபோனது என்று படித்தபோது எனக்குப் பதறியது. அந்த ஒரு வருஷ இடைவெளி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மீண்டுவிட்டார்கள். வயது கடந்து வெளியேறியவர்கள் வீட்டோடு போய்விடாமல், கற்றுத்தர ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள். எங்கள் மாஸ்டரின் விதி அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே நிலைமை தலைகீழ். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது, மறு வருஷமே திரும்பச் சேர்க்கப்பட்டது, 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனியானது. இரண்டு கலெக்டர், இரண்டு அணிவகுப்பு மைதானம், இரண்டு கொடியேற்றம். திருச்சிக்குப் போகாமலே குடியரசு நாள் அணிவகுப்பைப் பார்க்கும் பாக்கியம் வந்துவிட்டது. ஆனால் போன ஆண்டு நான் பார்த்த ஒரு பள்ளி விழாவில் மார்ச் பாஸ்ட் இசை ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. பிள்ளைகள் பென் டிரைவுக்கு நடந்தார்கள். பாட்டு வேகமானால் கால் வேகமாகிறது, அவ்வளவுதான். அவர்கள் கால் தவறினால் அந்தப் பாட்டு காத்திருக்காது. எங்கள் பெரிய டிரம்காரன் காத்திருப்பான்.

குடியரசு நாளையொட்டி டெல்லியில் தேசியப் பள்ளி பேண்டு போட்டி சில ஆண்டுகளாக நடக்கிறது. நல்ல காரியம். பித்தளை பேண்டு, பைப் பேண்டு, இரண்டிலும் பையன்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நான்கு பியூகிளும் ஆறு டிரம்மும் மட்டும் உள்ள குழு அதில் எந்த வரிசையில் நிற்கும்? எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பேண்டு செட்டின் இடத்தில் கேரளத்துச் செண்டை வந்துவிட்டது. செண்டை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஏலாக்குறிச்சித் தேருக்கு நடந்த கால்களுக்கு வேலை குறைந்ததை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

பியூகிள் இன்னும் தவறாமல் ஒலிக்கிற நாள் ஒன்று இருக்கிறது. அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் தாக்குதலில் இறந்த பத்துக் காவலர்களின் நினைவாக நாடு முழுக்க நடப்பது. மாவட்டத் தலைநகரம் என்பதால் இப்போது பெரம்பலூரிலும் நடக்கிறது, அரியலூரிலும் நடக்கிறது. மற்ற அழைப்புகளையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. எழுப்புவது, கூப்பிடுவது, ஒன்றும் காதில் விழுவதில்லை. வழியனுப்புவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் ஒவ்வொரு வருஷமும் வேலிக்கு வெளியே நின்று கேட்கிறேன். ஊதுகிற இளம் காவலரின் மேல் ‘ப’ உடைவதில்லை.

மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையோ மேடை நடுவுக்கு வந்துவிட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதைக் கையிலெடுத்து ஆடினார்கள். சென்னை சங்கமம் விழா அதைத் தலைநகரின் பூங்காக்களுக்குக் கொண்டு போனது. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ. எங்கள் பக்கத்துக் கல்லூரி விழாக்களில் விருந்தினரை வரவேற்பது பறைதான். என் தோழன் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுத் தருகிறான். பாதிக்குமேல் பெண் பிள்ளைகள். அவன் அப்பா சாவுக்கு அடித்த அதே பறை சுவரில் மாட்டியிருக்கிறது: மூன்று துண்டு மரத்தை இரும்புப் பட்டையால் இணைத்த சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோல். பிள்ளைகளுக்கு அவன் கொடுப்பது இரும்பு வளையத்தில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியது. மழைக்கும் தொய்யாது, வைக்கோல் மூட்டிக் காய்ச்ச வேண்டாம். மேடை ஏறும் நாளில் மட்டும் தோல்.

“தோலுதான் பேசும், மாப்ளே. ஆனா தோலுக்குக் காத்திருந்தா இந்தப் பிள்ளைங்க எப்ப பழகுறது?” என்கிறான்.

பிஸ்டன் வைத்த பியூகிளைப் பற்றி அவனிடம் சொல்லிக் குறைப்பட்டபோது அவன் சொன்ன பதில் இதுதான். எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. பிஸ்டன் வைத்தால் ரி வரும், ம வரும், எல்லாம் வரும். பியூகிள் கொடுக்கிற காந்தாரம் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். குழாய் தானாகத் தருகிற ‘க’ பியானோவின் ‘க’வைவிட ஒரு மயிரிழை இறங்கி இருக்கும். தம்புராவை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாத அந்தரகாந்தாரம் ஒன்று தந்தியிலிருந்து எழுமே, அது இதுவேதான். ராணுவக் கூடாரத்துக் குழாயும் கச்சேரி மேடைத் தம்புராவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

போன ஆடியில் அவன் பிள்ளைகள் பழகும் இடத்துக்கு என் பியூகிளை எடுத்துப் போனேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, “தாத்தா, இதுல எங்க அழுத்தணும்?” என்று கேட்டாள். எங்கேயும் அழுத்த வேண்டாம் என்றேன். கிண்ணத்தை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் ரீங்கரித்தாள். பிறகு குழாயில் ச வந்தது, ப வந்தது. மேல் ‘க’ வந்த நாளில் என் தோழன் பிள்ளைகளின் பறையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிற கலைத் திருவிழாவில் காற்றுக் கருவிக்கு ஒரு பிரிவு உண்டு. அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் புல்லாங்குழலும் நாகசுரமும் கொண்டு வருவார்கள், ஏழு சுரமும் வாசிப்பார்கள். இவள் ஐந்தை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறாள். “ரி எங்க இருக்கு தாத்தா?” என்று கேட்டாள். இதில் இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு மறுபடி ‘க’வை ஊதினாள்.

இந்த ஞாயிறு நான் போகத் தாமதமாகிவிட்டது. பறைச் சத்தம் தூரத்திலேயே கேட்டது, நடுவில் பியூகிள் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், வேப்பமரத்துக்குக் கீழே அவள் பியூகிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். எதிரே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். கிண்ணம் அவன் கையில்.

“மொதல்ல உதடு பேசணும்டா” என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் வாயில் வைத்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினான்.